சினிமா இல்லாத சோகப் பாட்டு

வணக்கம். இண்டி ராக் பற்றிப் பேசுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் ரேடியோ கேட்பவர்களில் பாதிப் பேர் வரப்பில் நிற்பீர்கள், மீதிப் பேர் டீக்கடையில் இருப்பீர்கள், உங்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் பழக்கமோ தெரியாது. பரவாயில்லை. 1980-களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெரிய இசைக் கம்பெனிகளை நம்பாமல், சின்னச் சின்ன லேபிள்களிலும் சொந்தக் காசிலும் ரெக்கார்டு போட்ட கிடார் பேண்டுகளிலிருந்து வந்தது அது. அமெரிக்காவில் கல்லூரி ரேடியோக்கள்தான் அவர்களைத் தூக்கிவிட்டன. நம் பக்கத்துப் பிள்ளைகள் இண்டி என்று சொன்னால் சினிமாவில் வராத பாட்டு, அவ்வளவுதான்.

கும்பகோணத்தில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒன்றிரண்டு மைக், எதிரொலி வராமல் இருக்கச் சுவரில் சாய்த்து வைத்த பழைய மெத்தைகள். தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கமிருந்தெல்லாம் சொந்தப் பாட்டோடு வருகிறார்கள். வருவதில் பெரும்பாலானவை சோகப் பாட்டு. சோகத்தில் தப்பில்லை. ஆனால் கேட்கும்போது எனக்கு ஒரு சங்கடம். பையன் நிஜமாகவே மனசு உடைந்துதான் வந்திருக்கிறான், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, பாட்டைக் கேட்டால் மட்டும் நடிக்கிற மாதிரி இருக்கிறது. பொய் சொல்லாதவனுடைய பாட்டு ஏன் பொய்யாகக் கேட்கிறது?

எனக்குத் தெரிந்து இதற்கு முக்கியமான காரணம் சினிமா. சினிமாவைத் திட்டப்போகிறேன் என்று நினைக்காதீர்கள். படத்தில் ஒரு சோகப் பாட்டு வருவதற்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் கதை ஓடியிருக்கிறது. அண்ணன் ஏன் வீட்டை விட்டுப் போனான், தங்கச்சி கல்யாணத்துக்கு எந்த நிலம் போனது, எல்லாம் நமக்குத் தெரியும். அதற்கப்புறம் உலகமே இருண்டுவிட்டது என்று பாடினாலும் உறுத்தாது, ஏனென்றால் அந்த இருட்டு நம் கண் முன்னால்தான் கவிந்தது. தனிப் பாட்டுக்கு அந்த வசதி கிடையாது. நான்கு நிமிடம், முன்கதை இல்லை, திரையில் முகம் இல்லை. ஆனால் நாமெல்லாம் சினிமாப் பாட்டிலேயே வளர்ந்தவர்கள், அதனால் எழுத உட்கார்ந்ததும் கைக்கு வருவது அந்தப் பாட்டுகளின் உச்சம் மட்டும்தான். முதல் வரியிலேயே நெஞ்சு வெடிக்கிறது, இரண்டாம் வரியில் உயிர் போகிறது, பல்லவி முடிவதற்குள் சாம்பலாகிவிடுகிறார்கள். இலையில் சோறு வைக்காமல் ரசத்தை ஊற்றினால் ஓடத்தானே செய்யும்?

பாபநாசம் பக்கத்துத் தம்பி ஒருவன் வந்தான். பாட்டு இப்படி ஆரம்பித்தது: உன் நினைவில் எரிகிறேன், சாம்பலாய்த் திரிகிறேன். எதுகையெல்லாம் கச்சிதம். சில டேக் எடுத்தோம், ஒன்றும் ஒட்டவில்லை, சரி வா என்று டீ குடிக்கப் போனோம். அங்கே பேச்சோடு பேச்சாகச் சொன்னான், அந்தப் பெண் பிரிந்து போன பிறகு, இவன் வாங்கிக் கொடுத்திருந்த ஹெல்மெட்டை ஒரு தோழியிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். கண்ணாடியில் கீறல். “புதுசுண்ணே, 1,200 ரூபாய், இப்படிக் கீறி வச்சிருக்கா” என்று அவனுக்கு ஆத்திரம். துக்கத்தில் சோறு இறங்காமல் திரிகிறவனுக்கு ஹெல்மெட் கீறல் மேல் ஆத்திரம் வருகிறது பாருங்கள், பாட்டு அங்கேதான் இருந்தது. அதை எழுதடா என்றேன், அவனுக்கு வெட்கம். அது அற்பமான கோபம், அவனுக்குப் பெருமை சேர்க்காது. அதனாலேயே நான் விடவில்லை. மிகையாக எழுதின பாட்டில் பாடுகிறவன் எப்போதும் தியாகி, போனவள் எப்போதும் கல்நெஞ்சக்காரி. நிஜத் துக்கம் அப்படிச் சுத்தமாக வருவதில்லை. அதில் சில்லறைத்தனம் இருக்கும், பசி இருக்கும், கணக்கு வழக்கு இருக்கும், சில நேரம் சிரிப்பும் இருக்கும். அந்த ஒவ்வாத சமாசாரம் ஒன்று பாட்டுக்குள் வந்துவிட்டால், இல்லாத ஒன்றரை மணி நேரக் கதையை அதுவே சொல்லிவிடும். கீறல் விழுகிற அளவுக்கு அவள் அந்த ஹெல்மெட்டைப் போட்டிருக்கிறாள் இல்லையா? எவ்வளவு தூரம் பின்னால் உட்கார்ந்து போயிருப்பாள்?

இதெல்லாம் நம் கிழவிகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரியும். கூலிக்கு மாரடிக்கிறான் என்று ஏசுகிறோமே, அந்த மாரடியும் ஒப்பாரியும் கேட்டு வளர்ந்தவர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒப்பாரியில் பாதி வரிகள் ஊருக்கே பொதுவானவை. தங்கத் தேர், முத்துப் பல்லக்கு, யார் செத்தாலும் வரும், வர வேண்டும், அது முறை. ஆனால் அந்தப் பொது வரிகளுக்கு நடுவில் திடீரென்று கோடி எடுத்து வராத அண்ணன் வருவான், சொல்லிக் காட்டின நாத்தனார் வருவாள், செத்தவர் யாருக்கும் கொடுக்காமல் பூட்டி வைத்த பெட்டி வரும். அழுகையோடு அழுகையாக ஒரு குத்தல். சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்கள் தங்கத் தேருக்குத் தலையாட்டுவார்கள், அந்தக் குத்தல் வரியில்தான் உடைந்து போவார்கள். என்னமா வச்சு அழுதா என்று பிறகு ஊரில் பேசுவதும் அந்த வரியைத்தான்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன், கொஞ்சம் கனமானது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்துக்காரர் ஃபில் எல்வரம், மவுண்ட் ஈரி என்ற பெயரில் பாடுகிறவர். அவர் மனைவி ஜெனவியேவ் காஸ்ட்ரே, படக்கதை வரைபவர், பாடகியும்கூட, 2016 ஜூலையில் கணையப் புற்றுநோயில் இறந்துவிட்டார். குழந்தைக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. அந்த வருடமே, மனைவி இறந்த அதே அறையில், பெரும்பாலும் அவருடைய வாத்தியங்களையே வைத்துக்கொண்டு எல்வரம் பதிவு செய்த பாட்டுகள் 2017-இல் ஆல்பமாக வந்தன. முதல் பாட்டில் ஒரு பார்சல் வருகிறது. மனைவி இறந்து ஒரு வாரம் கழித்து அவர் பெயருக்கே வருகிறது. பிரித்துப் பார்த்தால் ஒரு முதுகுப் பை. மகள் இன்னும் சில வருடம் கழித்துப் பள்ளிக்கூடம் போவாள், அப்போது வேண்டுமே என்று ரகசியமாக ஆர்டர் போட்டு வைத்திருக்கிறார். இதைப் பாடுகிற குரல் பேச்சுக் குரலுக்கு ஒரு படி மேலே, அதற்குமேல் ஏறுவதில்லை. இது பாட்டாக்குகிற விஷயமே இல்லை என்று அந்தப் பாட்டிலேயே முரண்டு பிடிக்கிறார், முரண்டு பிடித்துக்கொண்டே பாடுகிறார். அந்தப் பையையும் நம் தம்பியின் ஹெல்மெட்டையும் ஒன்றாக நிறுத்தவில்லை, மரணம் எங்கே, கல்லூரிக் காதல் எங்கே. பாட்டுக்குள் இரண்டும் செய்கிற வேலை ஒன்று, அதற்காகச் சொன்னேன்.

உடனே சிலர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள், அடக்கிப் பாடினால் உண்மை, கத்தினால் மெலோடிராமா, அதாவது மிகை நடிப்பு என்று. நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள் இதை ஒத்துக்கொள்ளலாமா? நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்தெடுக்கிற வாத்தியம், 2022-இல் புவிசார் குறியீடுகூட வாங்கியது, சாமி புறப்பாட்டில் நான்கு வீதிக்கும் கேட்க வேண்டிய வாத்தியம். அதற்கு அடங்கி ஒலிக்கவே தெரியாது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956-இல் போய்விட்டார், அந்தக் காலத்து இசைத்தட்டில் சில நிமிடங்களுக்குள் சுருங்கி வந்த அவருடைய தோடியை இன்றைக்குப் போட்டாலும் வீடு அதிர்கிறது. இது கொஞ்சம் மிகையாக இருக்கிறதே என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இண்டி பக்கமே பாருங்களேன். கனடாவில் மாண்ட்ரியால் நகரத்து ஆர்கேட் ஃபயர் குழுவின் முதல் ஆல்பம் 2004-இல் வந்தது. பெயரே ஃப்யூனரல், இறுதிச் சடங்கு. அதைத் தயாரித்துக் கொண்டிருந்த காலத்தில் குழுவில் பலர் வீட்டில் அடுத்தடுத்துச் சாவு விழுந்ததால் அந்தப் பெயர். வயலின், அக்கார்டியன், டிரம்ஸ், எல்லோரும் சேர்ந்து தொண்டை கிழியப் பாடுவது, எதிலும் சிக்கனம் கிடையாது. ஆனால் முதல் பாட்டில் ஒரு பையன் சொல்வது இவ்வளவுதான்: பனி கொட்டித் தெருவே மூடிப்போனால், என் ஜன்னலிலிருந்து உன் ஜன்னலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டு வருவேன். தெரு இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, சின்னப் பிள்ளைத்தனமான ஒரு திட்டம் இருக்கிறது. இவ்வளவும் இருந்தால் அப்புறம் கத்திக்கொள்ளலாம், யார் தடுக்கப் போகிறார்கள்.

மெல்லப் பாடுவதிலும் நடிப்பு உண்டு, இப்போது அதுதான் அதிகம். ஜஸ்டின் வெர்னன், பான் ஈவேர் என்ற பெயரில் பாடுகிறவர், விஸ்கான்சின் மாநிலத்தில் அப்பாவின் வேட்டைக் குடிலில் 2006–07 குளிர்காலத்தில் தனியாக இருந்து முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தார். நல்ல ஆல்பம். ஆனால் இன்றைக்குப் பாட்டைவிடக் குடில் பிரபலமாகிவிட்டது, தனியாகப் போய் உட்கார்ந்து, மைக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சுச் சத்தம் கேட்கப் பாடினால் உண்மை தானாக வந்துவிடும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஆல்பத்தில் வெர்னன் முதலில் சொல்லே இல்லாமல் வெறும் ஓசையாகப் பாடி வைத்துக்கொண்டு, பிறகு அந்த ஓசைக்குப் பொருந்துகிற சொற்களைத் தேடிப் போட்டிருக்கிறார். நம் கவிஞர்கள் தத்தகாரத்துக்கு எழுதுகிற அதே வேலை. அமெரிக்கப் பாடகர் எலியட் ஸ்மித் காதோடு கிசுகிசுப்பதாக நாம் நினைக்கிற பல பாட்டுகளில், ஒரே வரியை இரண்டு தடவை பாடி ஒன்றன்மேல் ஒன்று வைத்திருப்பார். அவ்வளவும் கைவேலை. கைவேலை இருப்பதால் உணர்ச்சி பொய்யாகிவிடாது, கைவேலையே இல்லாமல் மனசிலிருந்து அப்படியே கொட்டினேன் என்பதற்காக உண்மையாகியும் விடாது.

மிகையே ஆகாது என்கிற ஆளும் நான் இல்லை. ஸ்பெஷல் நாடகத்தில் விடிய விடிய அழுகிறார்கள், பார்க்கிறவர்களும் அதற்காகத்தான் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள், இரண்டு பக்கமும் தெரிந்தே நடக்கிற விஷயம். என் வீட்டுக் கதை இது, நம்புங்கள் என்று சொல்லிவிட்டு நாடகத்து அழுகையைக் கொண்டு வருவதில்தான் எனக்கு வழக்கு. திருவிழா மெல்லிசைக் கச்சேரியில் சோகப் பாட்டு வந்ததும் மிக்சர்காரர் எக்கோவைத் திருகுவார், கடைசிச் சரணத்தில் சுருதியை அரைக் கட்டை ஏற்றுவார்கள். இப்போது கம்ப்யூட்டரில் ஒரு க்ளிக்கில் வயலின் கூட்டமே வந்து அழுகிறது. என் அறையில் முதல் நாள் ரீவெர்ப் என்கிற எதிரொலி கிடையாது, கிடாரும் குரலும் மட்டும். அப்படியே நிற்கிற பாட்டுக்கு மறுநாள் என்ன வேண்டுமானாலும் போட்டுக் கொடுப்பேன்.

கடைசியாக விவசாயிப் பாட்டு. இதைச் சொல்லாமல் போனால் எனக்குச் சோறு இறங்காது. ட்ரோன் மேலே எழும்பும், வெடித்த நிலம் தெரியும், ஒரு பெரியவர் வானத்தைப் பார்ப்பார், உழவன் கண்ணீர் என்று கோரஸ் வரும். எழுதினவன் வீட்டிலேயே ஐந்தாறு மா நிலம் இருக்கும், அப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதை அவன் ஒரு நாளும் பார்த்திருக்க மாட்டான். அவர் பார்ப்பது ஈரப்பத மீட்டரை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, குறுவை போட்டு, அறுத்துக் கொண்டுவருகிற நேரமும் மழை பிடிக்கிற நேரமும் ஒன்றாக வந்து விழும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் என்பது கணக்கு, அரசு தளர்த்தினால்தான் அதற்கு மேல். ஆகவே நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைக்க வேண்டும், தூறல் விழுந்தால் ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்து மூட வேண்டும், மூடியே வைத்தால் உள்ளே முளைவிட்டுவிடும், 40 கிலோ மூட்டையாகப் பிடித்து எடை போடுகிறவரை குவியலுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடக்க வேண்டும். இத்தனையும் விட்டுவிட்டுக் கண்ணீர் என்று ஒரு சொல்லை எழுதினால் அந்த மனிதரை எடுத்துவிட்டு அவர் படத்தை மாட்டுகிற வேலைதான் அது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. ஒரு நெட்டை மரம் காய்ப்புக்கு வர ஆறேழு வருடமாவது ஆகும். அப்போதிருந்து நிறையப் பாட்டுகள் கேட்டுவிட்டேன், இயற்கைத் தாயே ஏன் இந்தக் கோபம் என்கிற ரகம். பேராவூரணிப் பக்கத்துப் பெண் ஒருத்தி மட்டும் வேறு மாதிரி எழுதிக் கொண்டுவந்தாள். மரமெல்லாம் போன பிறகு கொல்லையில் வெயில் வந்துவிட்டது, ஆத்தாவுக்கு மத்தியானத்தில் உட்கார இடமில்லை, வெயிலைத் திட்டிக்கொண்டே நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டு போகிறாள். மூன்று சரணமும் நாற்காலி நகர்வதுதான். புயல் என்ற சொல்லே பாட்டில் இல்லை. அவள் போன பிறகும் அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொள்முதல் நிலையத்துக்கு அப்படி ஒரு பாட்டு இன்னும் என் அறைக்கு வரவில்லை. நெல்லுக்குக் காவலாக ராத்திரி படுத்துக் கிடக்கிற தம்பிகளிடம் போன் இருக்கிறது, நேரமும் வேண்டிய மட்டும் இருக்கிறது. யாராவது எழுதினால் அப்படியே போனில் பாடி வைத்துக்கொண்டு இந்த ரேடியோ நிலையத்து முகவரிக்கு ஒரு கடிதம் போடுங்கள், என்னிடம் சேர்த்துவிடுவார்கள். கோரஸ் வேண்டாம். தார்ப்பாய் வாடகை எவ்வளவு என்பது மட்டும் பாட்டில் இருந்தால் ரெக்கார்டிங்குக்குக் காசு வாங்க மாட்டேன். வணக்கம்.