ஒரு சின்ன அறை, எத்தனை குடித்தனம்!

நண்பர்களே, வணக்கம். ஆங்கிலத்திலிருந்து ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்: செல். உயிரியல் ஆசிரியருக்கு அது ஒன்று, சிறைக் காவலருக்கு வேறொன்று. கணக்காளருக்கு எக்செல்லில் ஒரு கட்டம். 'சி.எம். செல்லுக்கு மனு போட்டிருக்கேன்' என்பவருக்குக் கோட்டையில் ஓர் அலுவலகம். டார்ச்சுக்கு ரெண்டு செல் வாங்கப் பெட்டிக்கடைக்கு ஓடியவர்கள் இந்த அவையில் நிறைய இருப்பீர்கள். தீர்ந்த செல்லை வெயிலில் காயவைத்து இன்னும் ரெண்டு நாள் ஓட்டியவர்களும்தான்.

லத்தீனில் செல்லா என்றால் சிறிய அறை. அகராதி இந்தச் சொல்லுக்குக் கீழே பொருள்களை வரிசையாக அடுக்கியிருக்கும். மனப்பாடம் செய்வது வீண் வேலை. ஒவ்வொரு துறைக்குள்ளும் போய், 'இங்கே சுவர் எது, அது என்ன செய்கிறது?' என்று கேளுங்கள். பொருள் தானாக வந்து நிற்கும்.

1665-ல் ராபர்ட் ஹூக் தக்கையைக் கத்தியால் மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தார். தேனடை மாதிரி அறை அறையாகத் தெரிந்தது. செல் என்று எழுதினார். ஒரு கன அங்குலத்தில் 120 கோடிக்கு மேல் இருக்கும் என்று கணக்கும் போட்டார், மனிதர்! ஆனால் தக்கை என்பது செத்த மரப்பட்டை. குடியிருந்தவர் காலி செய்துவிட்டுப் போனபின் எஞ்சிய சுவர்களைத்தான் அவர் பார்த்தார். பிறகு 1838, 39-ல் ஷ்லைடன் தாவரங்களைப் பற்றியும் ஷ்வான் விலங்குகளைப் பற்றியும் செல் கொள்கையைச் சொன்னபோது அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், விலங்குச் செல்லுக்குச் சுவரே கிடையாது, மெல்லிய சவ்வுதான். இந்தச் சொல் எங்கே அதிகப் புகழ் பெற்றதோ அங்கேதான் அது கொஞ்சமும் பொருந்தவில்லை என்பது என் கட்சி.

சுவர் தன் வேலையை முழுசாகச் செய்த இடம் அந்தமான். 1906-ல் கட்டி முடித்த செல்லுலார் சிறைக்குப் பெயரே அதனால்தான். நடுவில் கோபுரம், அதிலிருந்து ஏழு கிளைகள், 690-க்கு மேற்பட்ட அறைகள். ஓர் அறைக்கு ஓர் ஆள். அறை சுமார் 4.5-க்கு 2.7 மீட்டர், காற்று வர மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு சாளரம். ஒரு கிளையின் முன்பக்கம் அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும்படி கட்டினார்கள். கம்பிக் கதவருகே நின்றாலும் எதிரே இன்னொரு கைதியின் முகம் தெரியாது.

உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பாட்டரியின் தலையில் ஆறு மூடிகள் இருக்கும். டிஸ்டில்டு வாட்டரை ஆறிலும் தனித்தனியாகத்தானே ஊற்றுகிறோம்? உள்ளே ஆறு அறைகள். ஒவ்வொன்றும் சுமார் 2 வோல்ட், வரிசையாக இணைத்தால் 12. நடுச்சுவர் கசிந்தால் மின்சாரம் உள்ளுக்குள்ளேயே வீணாகும்.

சரி, கையில் இருக்கிற செல்? உள்ளே பாட்டரி இருப்பதால் வந்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1946-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கார் தொலைபேசி வந்தது. அலைவரிசைகளோ சொற்பம். சிலர் பேசிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான். மறு ஆண்டே பெல் தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகத்தில் பொறியாளர் டக்ளஸ் ரிங் ஒரு யோசனையை எழுதிவைத்தார். ஊரை அறுகோணங்களாகப் பிரித்துக்கொள்வது, ஒவ்வொன்றுக்கும் குறைந்த சக்தியில் தனி நிலையம் வைப்பது. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கு வெவ்வேறு அலைவரிசை. கொஞ்சம் தள்ளிப் போனால் முதல் அலைவரிசையையே மறுபடி பயன்படுத்தலாம். கைவசம் உள்ள கொஞ்சத்தை வைத்து ஊர் முழுக்கப் பேச வைக்கும் சாமர்த்தியம் இது. 1979-ல் டோக்கியோவில் வணிகச் சேவையாக வர முப்பது ஆண்டுக்கு மேல் ஆனது.

அந்த அறுகோணம்தான் செல். நீங்கள் பேருந்தில் பேசிக்கொண்டே போகும்போது ஒரு கோபுரம் உங்களை அடுத்த கோபுரத்திடம் ஒப்படைக்கிறது. இங்கே சுவர் என்பது வரைபடத்தில் போட்ட கோடு மட்டுமே. ஆக, செல் உங்கள் கையில் இல்லை. நீங்கள்தான் செல்லுக்குள் இருக்கிறீர்கள்.

தமிழில் செல் என்றால் முன்பே கறையான். செல்லரித்த ஏடு என்கிறோமே. அப்புறம், பாட்டரிச் செல்லை மின்கலம் என்று நாமும் எழுதுகிறோம். இலங்கைப் பாடநூல்கள் உயிரியலிலும் கலம் என்றே வைத்துக்கொண்டன. எனக்கு அதுதான் பிடிக்கும். கலம் என்றால் பாத்திரம், உள்ளே ஏதோ இருக்கிறது என்ற நினைப்பைத் தருகிறது. உயிரணு என்று சொன்னால் இயற்பியல்காரர் அணு எங்களுடையது என்று சண்டைக்கு வருவார். கைதிக்குக் கொட்டடி என்ற சொல் இருக்கவே இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் மட்டும் கொஞ்சம் பார்த்து எழுதுங்கள்: ஹைட்ரஜன் போன்ற எரிபொருளிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஃபியூயல் செல்லை எரிபொருள் உயிரணு என்று போட்டால், ஹைட்ரஜனில் ஓடும் பேருந்துக்கு உயிர் வந்துவிடும்.