நுரையீரல் மீனின் இரைக்கணக்கு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நுரையீரலாலும் மூச்சுவிடும் நுரையீரல் மீனை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பவர்கள் நம் மலையகத்தில் மிகச் சிலரே. ஆனாலும் கப்பியில் தொடங்கித் தங்கமீனுக்கு வந்து, பிறகு பெரிய மீன்களின்மேல் ஆசை கொள்ளும் இளைஞர்கள் ஹட்டனிலும் பண்டாரவளையிலும் பெருகி வருகிறார்கள். அவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சேர், இதுக்கு என்ன சாப்பாடு போடுறது?" என்பதுதான். விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதைவிட, பதினோர் ஆண்டுகளாக அப்படியொரு மீனுக்கு இரை போட்டுவருபவன் என்ற தகுதியில் இன்று அதற்கு விடை சொல்ல முனைகிறேன்.

நுரையீரல் மீன்களில் இன்று உலகில் எஞ்சியிருப்பவை ஆறே இனங்கள். ஆபிரிக்காவில் நான்கும், தென்னமெரிக்காவில் ஒன்றும், அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆறுகளில் ஒன்றும் வாழ்கின்றன. என்னிடம் இருப்பது ஆபிரிக்க இனம். இப்போது எண்பது சென்ரிமீற்றர் நீளம். இவை நீண்ட ஆயுள் கொண்டவை. சிக்காகோவின் ஷெட் மீன்காட்சியகத்துக்கு 1933இல் கொண்டுவரப்பட்ட அவுஸ்திரேலிய நுரையீரல் மீனொன்று 2017 வரை அங்கே உயிரோடு இருந்தது. அந்த அளவு இல்லாவிட்டாலும், நம் வீட்டு மீனும் பல பத்தாண்டுகள் நம்முடன் இருக்கக்கூடியது. ஆகவே இன்று போட்ட இரையில் என்ன குறை என்பது இன்றோ நாளையோ தெரியவராது; ஐந்தாறு ஆண்டுகள் கழித்து ஈரல் கொழுத்த பிறகுதான் தெரியவரும்.

எந்த இரை நல்லது என்பதற்கு முன்னால் நம் ஊர்க் குளிரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ பதினாறு பாகை. ஆபிரிக்க நுரையீரல் மீனுக்கோ தொட்டி நீர் இருபத்தைந்து, இருபத்தாறு பாகையில் இருக்க வேண்டும். மீனுக்குச் சொந்த உடற்சூடு கிடையாது. நீர் குளிர்ந்தால் அதன் குடலும் குளிரும், செரிமானச் சுரப்புகளின் வேகமும் அதே அளவுக்குக் குறையும். கொழும்பில் வாரம் மூன்று முறை இரை கொடுக்கும் நண்பர் சொல்வதை அப்படியே கேட்டு, மார்கழிக் குளிரில் சூடாக்கி இல்லாத தொட்டிக்கு அதே அளவைப் போட்டால், விழுங்கியது செரிக்காமல் வயிற்றிலேயே கிடந்து அழுகும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2022 மார்ச் மாத இறுதியில் நாட்டில் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு நடைமுறையில் இருந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சூடாக்கி பாதி நாளுக்கு மேல் ஓடவில்லை. உறைபெட்டியில் இருந்த மாட்டு இதயத் துண்டுகள் உருகத் தொடங்கிவிட்டன. வீணாகிவிடுமே என்ற சிக்கன புத்தியில், வழக்கத்தைவிட ஒரு துண்டு கூடவே போட்டேன். மூன்றாம் நாள் காலை, அந்தத் துண்டுகள் வெளிறி, ஓரங்கள் மட்டும் நைந்து, ஏறத்தாழ முழுதாகவே தொட்டியின் அடியில் கிடந்தன, மீன் கக்கியிருந்தது. வெப்பமானி பத்தொன்பது காட்டியது. அன்று முதல் இரைக் கிண்ணத்தை எடுக்குமுன் வெப்பமானியைப் பார்ப்பது என் வழக்கம். இருபத்திரண்டுக்குக் கீழே போனால் இரை இல்லை. கோடையில் சேற்றுக்குள் புதைந்து, தன் மேல் சளிக் கூடு கட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் ஒன்றும் உண்ணாமல் கிடக்கப் பழகிய இனம் இது; நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த மீனுக்கு ஒரு வாரப் பட்டினியால் எதுவும் ஆகிவிடாது.

இனி இரைக்கு வருவோம். நுரையீரல் மீனின் வாயில் தனித்தனிப் பற்கள் வரிசையாக இல்லை. மேலும் கீழும் கத்தி விளிம்பு போன்ற பற்தகடுகள் இருக்கின்றன. ஓடுகளையும் எலும்புகளையும் நொறுக்குவதற்கென்றே அமைந்தவை அவை. இயற்கையில் அது தின்பவை நத்தை, நண்டு, பூச்சி, புழு, சிறு மீன், இடையே கொஞ்சம் தாவரப் பொருள். ஒரு உயிரை ஓட்டோடும் முள்ளோடும் குடலோடும் முழுதாகத் தின்னும்போது தசையிலிருந்து புரதமும், எலும்பிலிருந்து கல்சியமும், உள்ளுறுப்புகளிலிருந்து விற்றமின்களும் ஒரே வாயில் கிடைத்துவிடுகின்றன. நாமோ முள் எடுத்த சதையை வெட்டிப் போடுகிறோம். அதில் பொஸ்பரஸ் மிகுதி, கல்சியம் மிகக் குறைவு. சமநிலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

மண்புழு நல்ல இரை. என் மீனுக்கு மிகப் பிடித்ததும் அதுவே. மலையகத்தில் மண்வெட்டியை எடுத்தால் புழுவுக்குப் பஞ்சமில்லை என்பார்கள். ஆனால் தேயிலை மலையிலும் காய்கறித் தோட்டங்களிலும் தோண்டிய புழுவை நான் போடுவதில்லை. களைநாசினி, பீடைநாசினி அடித்த மண்ணில் வாழும் புழு அந்த மண்ணையே தின்று வளர்கிறது. கிளைபோசேற்று என்ற களைநாசினிக்கு 2015இல் தடை வந்ததும், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அது தளர்த்தப்பட்டதும் தோட்டத்து மக்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வீட்டின் பின்புறம் பழைய பீப்பாயொன்றில் சாணமும் சமையலறைக் கழிவும் இட்டுப் புழு வளர்க்கிறேன். போடுமுன் ஒரு நாள் ஈரச் சாக்கில் வைத்தால் குடலில் உள்ள மண் வெளியேறிவிடும். புழுவிலும் கல்சியம் குறைவு என்பதால், வாரத்தில் ஒரு வேளையாவது அதனிடத்தில் நத்தை வர வேண்டும். ஓடையிலும் வேலியோரத்திலும் பொறுக்கும் நத்தையில் ஒட்டுண்ணிகள் இருக்கலாம், பயிருக்கு வைத்த நஞ்சையும் அது தின்றிருக்கலாம். தனித் தொட்டியில் நாமே வளர்க்கும் நீர்நத்தைதான் பாதுகாப்பானது.

மீனுக்கு மீன் போடுவதில் பலர் அறியாத ஆபத்து ஒன்று உண்டு. தயமினேசு என்ற நொதியம் சில மீன்களின் பச்சை உடலில் இருக்கிறது. அது விற்றமின் பி1ஐ அழித்துவிடும். தங்கமீனிலும் காப் என்று நாம் சொல்லும் கெண்டையிலும் அது உண்டு. சாளை, நெத்தலி இனங்கள் சிலவற்றிலும் உண்டு. மலிவாகக் கிடைக்கிறது என்று மீன் வண்டியில் சாளையாகவே வாங்கி மாதக்கணக்கில் போட்டால், மீன் முதலில் இரையை வெறுக்கும், பிறகு சமநிலை இழந்து புரளும், வலிப்பும் வரும். உறைய வைப்பதால் இந்த நொதியம் அழிவதில்லை. வேக வைத்தால்தான் அழியும். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று கொத்மலையிலும் விக்டோரியாவிலும் வலை நிறையக் கிடைக்கும் திலாப்பியாவில் இந்தத் தொல்லை இல்லை. விரல் நீளக் குஞ்சாகக் கிடைத்தால் முழுதாகவே போடலாம். ஒட்டுண்ணிக்கு அஞ்சி ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்தெடுத்துப் போடுவது என் பழக்கம். இறாலைத் தோலோடு கொடுக்கலாம், அளவாக.

மாட்டிறைச்சி, கோழி ஈரல், இதயம் ஆகியவற்றை வீட்டுக்குள்ளேயே வைக்காதீர்கள் என்பேன். மாட்டுக் கொழுப்பு இருபத்தைந்து பாகையில் இறுகிக் கிடப்பது. வெப்ப இரத்தம் இல்லாத உடலில் அது எரியாமல் ஈரலில் போய்ச் சேரும். பாசத்தின் பேரால் நடக்கும் இந்தத் தவற்றை நானே ஆறு ஆண்டுகள் செய்திருக்கிறேன்.

ஊனுண்ணி மீன்களுக்கென்று விற்கும், நீரில் மூழ்கும் குளிசை உணவை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. விற்றமின்களின் இடைவெளியை நிரப்ப எனக்குக் கிடைத்த எளிய வழி அதுதான். வாரத்தில் ஒரு வேளை அதையே போடுகிறேன். ஆனால் நம் ஊர் மூடுபனியில் திறந்த பொதி பத்து நாளில் நமத்துவிடும், பூஞ்சணமும் பிடிக்கும். பூஞ்சண நஞ்சு ஈரலை அரிக்கும். சிறிய பொதியாக வாங்கி, காற்றுப் புகாத போத்தலில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். தாவர உணவு என்றால் தோலுரித்த, வெந்த பட்டாணி நாலைந்து போதும். தின்றால் தின்னட்டும்.

அளவு: குஞ்சுக்கு நாள்தோறும், வளர்ந்ததற்கு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று வேளை, ஒரு வேளைக்கு அதன் தலையின் பருமனுக்கு மேற்படாமல். மேலேயிருந்து பார்க்கும்போது உடல் தலையைவிடப் பெரிதும் பருத்துத் தெரிந்தால் ஒரு வேளையைக் குறைத்துவிடுங்கள்.

இரை போடும் நேரம் விளக்கணைத்த பின். இந்த மீனுக்குக் கண் கூர்மையில்லை. மணத்தை வைத்தே தேடும். கையால் நீட்டவே கூடாது, நீண்ட இடுக்கியால் மட்டும். நத்தையோட்டை நொறுக்கும் தகடு விரலை நத்தையிலிருந்து பிரித்தறியாது. புழுவைக் கவ்வியதும் அது விழுங்கிவிடுவதில்லை. மென்று, முழுவதையும் வாய்க்கு வெளியே தள்ளி, மறுபடி உறிஞ்சி, மறுபடி மெல்லும். ஏழெட்டு முறை இப்படிப் போய்வந்த புழு கடைசியில் நைந்த நூல்போல் ஆகியிருக்கும். அப்போது சிதறும் துணுக்குகளை அன்றிரவே குழாயால் உறிஞ்சி எடுக்காவிட்டால் நீரில் அமோனியா ஏறும். அதற்காகக் குளிர்ந்த குழாய்நீரை உடனே ஊற்றிவிடாதீர்கள். வெந்நீர் கலந்து, தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகே ஊற்றுங்கள்.

சில நாள்களில் அது எதையும் தொடாது. அப்போது இரையை மாற்றி மாற்றிப் போட்டுக் கெஞ்சவேண்டாம். வெப்பமானியையும் நீரையும் சரிபார்த்துவிட்டுக் காத்திருங்கள். சென்ற தை மாதத்தில் என் மீன் ஒன்பது நாள் வாய் திறக்கவில்லை. பத்தாம் நாள் இரவு, அடுத்த அறையில் படுத்திருந்தபோது, கண்ணாடிக்குள்ளிருந்து நத்தை ஓடு ஒன்று நொறுங்கும் சத்தம் கேட்டது.