அம்மாவின் மஞ்சள் பையும் ஒரு வழக்கறிஞர் நாவலும்

வணக்கம் நண்பர்களே. குன்னூரில் இருந்து பேசுகிறேன். இரவு ஒன்பது மணி ஆகிவிட்டது. ஜன்னலைச் சாத்தித்தான் வைத்திருக்கிறேன், ஆனாலும் காற்று எங்கிருந்தோ நுழைந்துவிடுகிறது. இடையில் இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று ஊர் சுற்றிக் காட்டும் வீடியோ இல்லை. லேம்ப்ஸ் ராக் போகலாம் என்று கேட்டிருந்தீர்கள், அது அடுத்த வாரம். இன்று ஒரு நாவலைப் பற்றிப் பேச வேண்டும். ஜான் கிரிஷாம் எழுதிய 'தி ஸ்ட்ரீட் லாயர்'. 1998-இல் வந்தது. பழைய புத்தகம்தான். என் கைக்கு இப்போதுதான் கிடைத்தது. இரண்டே இரவில் படித்து முடித்தேன், மூன்றாவது இரவு தூக்கம் வரவில்லை.

கதை அமெரிக்காவின் வாஷிங்டன் நகரத்தில் நடக்கிறது. மைக்கேல் பிராக் என்ற வழக்கறிஞர், நூற்றுக்கணக்கான வழக்கறிஞர்கள் வேலை பார்க்கும் பெரிய நிறுவனம் ஒன்றில் கைநிறையச் சம்பாதிக்கிறான். ஒரு நாள் வீடற்ற மனிதர் ஒருவர் துப்பாக்கியோடு உள்ளே வந்து, ஒன்பது வழக்கறிஞர்களை ஒரே அறையில் பிணையாக நிறுத்துகிறார். பணம் கேட்கவில்லை. போன ஆண்டு எவ்வளவு சம்பாதித்தீர்கள், அதில் ஏழைகளுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கணக்குக் கேட்கிறார். கடைசியில் போலீஸ் அவரைச் சுட்டுக் கொன்றுவிடுகிறது. ஊரில் இத்தனை அலுவலகம் இருக்க, அந்த மனிதர் ஏன் நம் அலுவலகத்தைத் தேடி வந்தார் என்ற கேள்வி பிராக்கைத் தூங்கவிடவில்லை. அதைத் தேடிக்கொண்டு போகிற இடத்தில்தான் மோர்டெகாய் கிரீன் வருகிறார். வீடற்றவர்களுக்காகவே வாதாடும் சட்ட உதவி மையம் அவருடையது.

முடிவைச் சொல்ல மாட்டேன். ஆனால் ஓர் இடத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பனி கொட்டும் இரவில் பிராக் ஒரு தங்குமிடத்தில் உணவு பரிமாறப் போகிறான். அங்கே ஒரு தாயும் நான்கு குழந்தைகளும் இருக்கிறார்கள். மூத்த பையனோடு பழகிவிடுகிறான். பிறகு அந்தக் குடும்பம் காருக்குள் படுத்திருக்கிறது. குளிருக்காக இன்ஜினை ஓடவிட்டிருக்கிறார்கள். வெளியே போக வேண்டிய புகை உள்ளே தேங்குகிறது. ஐந்து பேரும் எழுந்திருக்கவில்லை.

அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். வாஷிங்டனை நான் பார்த்ததில்லை. ஆனால் இந்தச் சாவு எனக்குத் தெரிந்த சாவு. நம் மலையிலும் கொடைக்கானல் பக்கமும் குளிர்காலத்தில் இப்படிப்பட்ட செய்தி வருகிறது. அறைக் கதவைச் சாத்தி, கரி அடுப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்று நான்கு வரியில் போட்டிருப்பார்கள். கரி முழுதாக எரியக் காற்று போதாதபோது கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. நம் ரத்தம் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்கிறது. இருமல்கூட வராது, தூக்கம்தான் வரும். இந்த வீடியோவைப் பார்ப்பவர்கள் வீட்டில் யாராவது கணப்புச் சட்டியோடு படுக்கும் பழக்கம் வைத்திருந்தால், தயவுசெய்து இன்றைக்கே அதை வெளியே வைக்கச் சொல்லுங்கள். இன்னொரு கம்பளி போர்த்திக்கொள்ளட்டும்.

கதைக்கு வருகிறேன். அந்தத் தாயும் குழந்தைகளும் அதற்கு முன்பு ஒரு பழைய கிடங்கில் தடுப்பு வைத்துக் குடியிருந்தவர்கள். கிடங்கை இடிக்க வேண்டும் என்று அவர்களைத் தெருவில் தள்ளியிருக்கிறார்கள். காகிதத்தில் என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா? ஆக்கிரமிப்பாளர்கள் என்று. ஆனால் அவர்கள் மாதம் 100 டாலர் வாடகை கொடுத்தவர்கள். வாடகை கொடுத்தால் அவர் வாடகைதாரர். வாடகைதாரரைக் காலி செய்ய வைக்க முன்னறிவிப்பு வேண்டும், அவர் தரப்பைச் சொல்ல இடம் கொடுக்க வேண்டும். பனிக்காலத்தில் ஒரே காலையில் தூக்கி வெளியே போட முடியாது. அவர்கள் வாடகை கொடுக்கிறார்கள் என்று ஒருவர் எழுதி வைத்த குறிப்பு கோப்பில் இருந்திருக்கிறது, பிறகு காணாமல் போகிறது. நாவல் முழுக்க அந்த ஒரு தாளைச் சுற்றித்தான் ஓடுகிறது. துப்பாக்கியும் துரத்தலும் மற்ற நாவல்களிலும் இருக்கின்றன. ஒரு தாள் இருந்தால் குடியிருப்பவர், இல்லாவிட்டால் ஆக்கிரமிப்பாளர் என்பதை இவ்வளவு வலிக்க எழுதியதை நான் முதல்முறையாகப் படிக்கிறேன்.

ஏன் இவ்வளவு வலித்தது என்று கேட்பீர்கள். இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். இது அம்மாவின் மஞ்சள் பை. ஜவுளிக்கடையில் கொடுத்தது, எழுத்து அழிந்துவிட்டது. பிடி அறுந்து, அம்மாவே நீல நூலால் தைத்திருக்கிறார். இதற்குள்தான் எங்கள் குடும்பத்தின் எல்லாத் தாள்களும் இருந்தன.

அம்மா 31 ஆண்டுகள் தேயிலைக் கொழுந்து பறித்தவர். எஸ்டேட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நாங்கள் பிறந்து வளர்ந்தது எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில். ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் அம்மா போட்ட மேரக்காய்ப் பந்தல். 58 வயதில் ஓய்வு கொடுத்தார்கள். அடுத்த மாதமே ஆள் வந்தது. சாவியைக் கொடுத்தால்தான் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டிப் பணம் வரும் என்றார்கள். அம்மாவுக்கு யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. சாவியைக் கொடுத்துவிட்டார். குன்னூரில் பத்துக்குப் பத்து அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். சாவி போன பிறகும் பணம் வரவில்லை.

பக்கத்து வீட்டு அத்தை சொல்லித்தான் இலவச சட்ட உதவி பற்றித் தெரிந்தது. அங்கே ஒரு வழக்கறிஞர் அக்கா. நாங்கள் அழுது முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அம்மா, தாள் என்னென்ன வைத்திருக்கிறீர்கள்?"

அம்மா பையை மேசை மேல் கவிழ்த்தார். குடும்ப அட்டை, பி.எஃப். சீட்டு, என் பள்ளி மாற்றுச் சான்றிதழ், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், நாலாய் மடித்த சம்பளச் சீட்டுகள். அக்கா ஒவ்வொன்றாக நீவி வைத்துப் பார்த்தார். முதல் சீட்டில் வேலைக்குச் சேர்ந்த ஆண்டு இருந்தது, கடைசிச் சீட்டில் வேலையை விட்ட மாதம். "இந்த இரண்டு போதும் அம்மா" என்றார். அன்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "வீடு வேறு, பணிக்கொடை வேறு. வீட்டுக்காக நாம் வாதாடுவது கடினம், பொய் நம்பிக்கை தர மாட்டேன். பணிக்கொடை நீங்கள் உழைத்த காசு. 30 நாளுக்குள் தந்திருக்க வேண்டும்."

வீட்டு வழக்கு ஏன் கடினம் என்று அவர் விளக்கியதைச் சொல்கிறேன், ஏனென்றால் இது நம் மலையில் பலருக்கும் தெரிவதில்லை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வீடு தருவது முதலாளியின் கடமை என்றது. நல்ல சட்டம். ஆனால் வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு. வாடகைதாரர்களுக்கான தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது, அதுவும் வேலையோடு சேர்த்து நிறுவனம் கொடுக்கும் வீட்டுக்குப் பொருந்தாது. 31 ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அம்மா ஒரு நாள்கூட வாடகைதாரராக இருந்ததில்லை. நாவலில் வரும் அந்தத் தாய்க்கு இருந்த உரிமைகூட என் அம்மாவுக்கு இல்லை. இதை நான் இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

தொழிலாளர் துறையில் மனுப் போட்டோம். பதினோரு மாதம் ஆனது. பணம் வட்டியோடு வந்தது. வீடு வரவில்லை. மேரக்காயை இப்போது யாரோ பறிக்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் நான் சட்டம் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நாவலில் வருவது போன்ற வழக்கு நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 1981-இல் பம்பாயில் நடைபாதைவாசிகளை மழைக்காலத்தில் அப்புறப்படுத்த முடிவெடுத்தார்கள். ஓல்கா டெல்லிஸ் என்ற பத்திரிகையாளரும் நடைபாதையில் வாழ்ந்தவர்களும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1985 ஜூலையில் தீர்ப்பு. அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு சொல்லும் உயிர் வாழும் உரிமைக்குள் பிழைக்க வழி தேடும் உரிமையும் அடங்கும் என்றது ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு. பலர் இதை நடைபாதையிலேயே தங்கும் உரிமை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அகற்றலாம், ஆனால் அதற்கு நியாயமான முறை வேண்டும் என்பதுதான் தீர்ப்பு. அந்த ஆண்டு மழைக்காலம் முடிந்து அக்டோபர் 31 வரை கைவைக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். மழை நிற்கட்டும் என்று நீதிமன்றம் சொன்ன அந்த வரி எனக்கு மிகவும் பிடிக்கும். நனைவது என்றால் என்ன என்று தெரிந்த மனம் எழுதிய வரி அது.

2024 நவம்பரில் வந்த தீர்ப்பு இன்னொன்று. கட்டடத்தை இடிக்கும் முன் 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றது. சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களுக்கு அது பொருந்தாது. அதாவது, போக்கிடமே இல்லாமல் சாலையோரம் இருப்பவருக்கு அந்த 15 நாள் கிடையாது.

தங்குமிடம் பற்றியும் சொல்ல வேண்டும். நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம் என்பதுதான் நாடு முழுக்க வைத்திருக்கும் அளவு. 2011 கணக்கெடுப்பில் ஊட்டி நகராட்சியின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தொடவில்லை. தலையை மட்டும் எண்ணிப் போட்ட கணக்கு இது. சமவெளியில் வெட்டவெளியில் படுப்பதும், ஊட்டி பக்கத்துத் தலைக்குந்தா புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் ஜனவரியில் இங்கே வெட்டவெளியில் படுப்பதும் ஒன்றா? மலைக்குத் தனிக் கணக்கு வேண்டும். குளிரை எண்ணுங்கள் என்று கேட்கிறேன்.

நாவலில் எனக்கு ஒரு குறை உண்டு. பிராக்கின் மனமாற்றத்துக்கு இத்தனை பக்கம் கொடுத்தவர், வீடற்றவர்களைப் பேசவிட்டது குறைவு. செத்த பிறகுதான் அந்தத் தாயின் கதை முழுதாகத் தெரிகிறது. மோர்டெகாய் கிரீன் வரும் பக்கங்கள் அப்படி இல்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவர் சொல்வதை அவர் பொறுமையாகக் கேட்கிறார். எங்கள் வழக்கறிஞர் அக்காவைப் பார்த்தது போலவே இருந்தது.

சட்ட உதவி வேண்டுபவர்களுக்கு 15100 என்ற எண் இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்கள் ஆகியோருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கறிஞர் இலவசம். பெண்கள் என்றால் வருமானம்கூடப் பார்க்க மாட்டார்கள். தாள்களை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

மார்க்கெட் பக்கம் கடை சாத்திய பிறகு திண்ணையில் படுக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரைக் கேமராவில் காட்ட மாட்டேன், பெயரும் சொல்ல மாட்டேன். சில நாட்களாக இரவில் டீ வாங்கிக் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். எஸ்டேட்டில் கவாத்து வெட்டியவர், விரல்களைப் பார்த்தாலே தெரிகிறது. சட்டைப் பையில் ஒரு பிளாஸ்டிக் உறை வைத்திருக்கிறார். மழை தூறினால் தலையை மூடும் முன் கை முதலில் அந்த உறைக்குத்தான் போகிறது. அதற்குள் மடித்த தாள்கள் தெரிகின்றன. என்ன தாள் என்று இதுவரை கேட்கவில்லை.

நாவலை முடித்த பிறகு, நேற்று வழக்கறிஞர் அக்காவுக்குப் போன் செய்தேன். நாளை மாலை ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மாவும் வருகிறார், பழைய கம்பளி ஒன்றை எடுத்து வைத்துவிட்டார். பெரியவர் சம்மதித்தால், அந்த உறையைப் பிரித்துப் பார்ப்போம்.