மெட்டியை வெட்டி எடுத்த கால்விரலும் 12 கேள்விகளும்

வணக்கம் நேயர்களே. ஞாயிற்றுக்கிழமை என்றாலே சிங்கப்பூர்த் தேக்காச் சந்தையில் வாங்கிய மீனை உங்களிடம் காட்டிவிட்டுத்தான் பேசத் தொடங்குவேன். இன்று மீன் இல்லை. வெள்ளிக்கிழமை மருத்துவமனையில், நோய் என் வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று கேட்கும் 12 கேள்விகள் கொண்ட ஒரு தாளை நிரப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து என் நினைவெல்லாம் அந்தத் தாளிலேயே இருக்கிறது.

எனக்குச் சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ் இருப்பது நான்கு மாதங்களுக்கு முன் உறுதியானது. அதைச் சொன்ன காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சொரியாசிஸ் என்ற தோல் நோய் உள்ளவர்களில் 30 விழுக்காடு வரையிலானோருக்கு அது மூட்டையும் பிடிக்கக்கூடும், பெரும்பாலும் தோலில் தோன்றிப் பல ஆண்டுகள் கழித்தே பிடிக்கும். எனக்குத் தலையில் படை வந்து 9 ஆண்டுகள் ஆன பிறகு, இந்த வலி குதிகாலில் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை மருத்துவர் என் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். வீங்கியிருந்தவை மூன்றே மூன்று. எக்ஸ்ரே படத்தில் எலும்பு அரிப்பு எதுவும் இல்லை. “ஆரம்ப நிலையிலேயே பிடித்துவிட்டோம்” என்று அவர் மகிழ்ச்சியோடு சொன்னார், நானும் மகிழ்ந்தேன். ஆனால் அந்தத் தாளில் எனக்கு வந்த எண் 5.8. பூஜ்ஜியத்திலிருந்து 10 வரை செல்லும் அந்த அளவுகோலில் 4 வரை இருந்தால்தான் நோயாளி தாங்கிக்கொள்ளும் நிலையில் இருப்பதாகக் கருதுவார்கள். மூன்று மூட்டுக்கு 5.8 எப்படி வந்தது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

அதற்கு முன் மெட்டிக் கதையை முழுமையாகச் சொல்லிவிட வேண்டும். சென்ற முறை அவசரத்தில் பாதியில் விட்டுவிட்டேன். வலது காலின் இரண்டாம் விரல் ஒரே வாரத்தில் அடி முதல் நுனி வரை கொத்தவரங்காய் சுரைக்காயானதுபோல உருண்டு பருத்துவிட்டது. இதற்கு மருத்துவத்தில் டாக்டைலைட்டிஸ் என்று பெயர். மூட்டு மட்டுமின்றி விரல் முழுவதுமே அழற்சியில் வீங்குவதால் அப்படி ஆகிறது. மெட்டி சதைக்குள் புதைந்துகொண்டது. சவர்க்காரம் தடவினேன், தேங்காய் எண்ணெய் ஊற்றினேன், அம்மா நூலைச் சுற்றி இழுத்தும் பார்த்தார், அது அசையவே இல்லை. சிராங்கூன் சாலையில் முதலில் நுழைந்த நகைக்கடையில் வெட்டுவதற்கு 20 வெள்ளி கேட்டார்கள். அந்த மெட்டி ஜோடியின் விலையே 28 வெள்ளி! வலிக்கிற காலோடு நான் அந்தக் கடையை விட்டு வெளியேறி, பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு பெரியவரிடம் போனேன். அவர் விரலுக்கும் மெட்டிக்கும் இடையே ஒரு மெல்லிய தகட்டைச் செருகி, சிறிய அரத்தால் பொறுமையாக ராவி, ஐந்தே நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார். 5 வெள்ளிதான் வாங்கினார். அந்த 15 வெள்ளியை மிச்சப்படுத்தியதில் அன்று எனக்கு உண்டான நிறைவு, இன்றுவரை குறையவில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் அம்மா என் வெறும் விரலைப் பார்த்து அழுதுவிட்டார். கணவர் நலமாக இருக்கும்போது மெட்டியைக் கழற்றுவதா என்பது அவருடைய கலக்கம். மருத்துவரின் குறிப்பேட்டில் அந்த விரல் ‘வீக்கம், ஒன்று’ என்றுதான் இருக்கும். எங்கள் வீட்டில் அது ஒரு வாரத்துக்கு யாரும் சரியாகச் சாப்பிடாத விஷயமாக இருந்தது. இதே வீக்கம் வேறொருவருக்கு வந்திருந்தால் செருப்பின் அளவை மாற்றுவதோடு முடிந்திருக்கும். நோயின் பாரம் வீக்கத்தோடு நிற்பதில்லை. அது யாருடைய வாழ்க்கையில் எந்த இடத்தைப் பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தே கூடுகிறது என்பதை அந்தத் தாள்தான் எனக்குப் புரியவைத்தது.

அந்தத் தாளை யூலார் என்ற ஐரோப்பிய மூட்டுவாத அமைப்பின் முயற்சியில், நோயாளிகளிடமே கேட்டு உருவாக்கி, 2014இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் நாம் போடும் எண்ணை மொத்தமாகக் கணக்கிடும்போது வலிக்கு மூன்று மடங்கு எடை. சோர்வு, தோல், வேலை, அன்றாடச் செயல்கள், உடல் அசௌகரியம், உறக்கம் ஆகியவற்றுக்கு இரண்டு மடங்கு. சமாளிக்கும் திறன், அச்சம், கூச்சம், பிறரோடு பழகுதல், மனச்சோர்வு ஆகியவையும் உண்டு. நான் வலிக்கு 6 போட்டேன், சோர்வுக்கு 8 போட்டேன். பாலர் பள்ளியில் மாலை நான்கு மணிக்கு, பிள்ளைகள் அமரும் அந்தக் குட்டி நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாமல் நான் இருப்பதைப் பார்ப்பவர்கள் சோம்பல் என்று நினைக்கலாம். உடலுக்குள் அழற்சி ஓடிக்கொண்டிருக்கும்போது, இரவு எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் அந்தச் சோர்வு தீராது. உறக்கத்துக்கு 7. பெண்களுக்கு இந்த நோயில் வலியும் சோர்வும் அதிகமாகப் பதிவாவதாக ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன என்று மருத்துவர் சொன்னபோது, யாரோ என் தோளில் கை வைத்ததுபோல இருந்தது.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அச்சத்துக்கு நான் 6 போட்டதற்குக் காரணம், வீணாகப் போன ஏழு மாதங்கள். குதிகால் வலி என்று ஒரு மருந்தகத்துக்கு நடந்தபோது வலிமாத்திரையும் காலணிக்குள் வைக்கும் மெத்தையும் கொடுத்தார்கள். இரத்தப் பரிசோதனையில், முடக்குவாதம் உள்ளவர்களிடம் பெரும்பாலும் காணப்படும் ருமட்டாய்டு காரணி இல்லை, ஆகவே வாதம் இல்லை என்றார்கள். இந்த நோயில் அந்தக் காரணி பெரும்பாலும் இருக்காது! குதிகாலில் தசைநாண் எலும்பைப் பற்றும் இடமே இந்நோய் தாக்கும் இடங்களில் ஒன்று. என் நகங்களில் ஊசியால் குத்தியதுபோன்ற சிறு குழிகள் இருந்தன. அவற்றை ஒருவர்கூடப் பார்க்கவில்லை, தலையில் படை உண்டா என்றும் கேட்கவில்லை. ஆறு மாதத் தாமதமே மூட்டரிப்புக்கும் பிற்காலச் செயல்திறன் குறைவுக்கும் வழிவகுக்கலாம் என்று அயர்லாந்தில் செய்த ஆய்வு ஒன்று கூறுகிறது. அதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சொரியாசிஸ் உள்ள நேயர்களே, காலையில் மூட்டு அரைமணி நேரத்துக்கு மேல் இறுகியிருந்தால், அல்லது குதிகால் ஓயாமல் வலித்தால், தயவுசெய்து தோல் நோயையும் சேர்த்தே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கூச்சத்துக்கு 4 தான் போட்டேன். ஒரு பிள்ளையின் தாயார் என் முழங்கையைப் பார்த்து “இது ஒட்டுமா?” என்று கேட்டார். ஒட்டாது என்றேன், அவரும் நம்பினார். நம்பாத ஒருவர் கேட்டிருந்தால் அந்த எண் 8 ஆகியிருக்கும். அதேபோல், எங்கள் தலைமையாசிரியை பெரிய நாற்காலி ஒன்றை வகுப்பில் போட அனுமதித்திருக்காவிட்டால் வேலைக்கான எண் 7இல் நின்றிருக்காது. இந்த ஆண்டு தைப்பூசத்துக்குப் பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு கோயில்வரை வெறுங்காலோடு பால்குடம் எடுக்க முடியாமல் போனதைப் ‘பிறரோடு பழகுதல்’ என்ற கேள்வியில் எப்படி அடக்குவது என்று தெரியாமல் சிறிது நேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் 6 என்று எழுதினேன்.

மருத்துவர் மொத்த எண்ணோடு நிற்காமல், உறக்கத்துக்கு ஏன் 7 என்று கேட்டார். இத்தனை மாதங்களில் என் உறக்கத்தைப் பற்றிக் கேட்ட முதல் மருத்துவர் அவர்தான். வாரம் ஒருமுறை போட வேண்டிய, அழற்சியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையின் அளவைச் சற்றுக் கூட்டியிருக்கிறார். மூன்று மாதங்கள் கழித்து அதே தாளை மறுபடி நிரப்ப வேண்டும். விரல் இப்போது பாதி வடிந்துவிட்டது. நேற்று அம்மா தேக்காவிலிருந்து வாய் திறந்த மெட்டி ஒன்று வாங்கி வந்தார், வீங்கினால் விரித்துக்கொள்ளலாமாம். 12 வெள்ளி. பூஜை அறையில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், இன்னும் போடவில்லை.