எண்ணெய் தடவி அனுப்பிய கை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தக்கலை வாசகப் பெருமக்களே, வணக்கம்.

போர் இலக்கியத்திலும் சினிமாவிலும் சிப்பாயின் வெள்ளந்தி மனத்தைப் பறிப்பது போர்க்களமா, அவனை வழியனுப்பிய ஊரா? ஊர்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய அக்கா, ஜெர்மன் எழுத்தாளர் ரெமார்க் முதல் உலகப் போரைப் பற்றி எழுதி 1929-ல் வந்த 'ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' நாவலிலிருந்து ஒரு காட்சியைச் சொன்னார். குண்டு விழுந்த பள்ளத்தில் பதுங்கிக் கிடக்கும் ஜெர்மன் சிப்பாய் பால் பாய்மர், உள்ளே வந்து விழுந்த பிரெஞ்சுச் சிப்பாயைக் குத்திவிடுகிறான். அந்த நொடியோடு அவன் வெள்ளை மனம் செத்தது என்றார். அடுத்த பக்கத்தையும் படியுங்கள் அக்கா. குத்தியவனே தண்ணீர் கொடுக்கிறான், காயத்துக்குக் கட்டுப் போடுகிறான். செத்தவனின் சட்டைப்பையில் மனைவி, குழந்தை படத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிறான். மனம் செத்தவன் மன்னிப்புக் கேட்பானா?

அவனை அந்தப் பள்ளத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? வாத்தியார் காண்டோரெக். பேசிப் பேசியே பையன்களைப் பட்டாளத்தில் சேர்த்தார்.

ஜெர்மனிக்காரரை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? புறநானூறு 279. ஒக்கூர் மாசாத்தியார் பாட்டு. முந்தைய போர்களில் தன் வீட்டு ஆண்களை இழந்தவள், பறைச் சத்தம் கேட்டதும் ஒரே மகன் கையில் வேல் கொடுக்கிறாள். 'பாறுமயிர்க் குடுமி எண்ணெய் நீவி' அனுப்புகிறாள். சீவாமல் பறந்து கிடக்கும் தலைமுடி! அந்தப் பிள்ளைக்கு என்ன வயது இருக்கும்? வீரத்தாய் என்று படித்தே வளர்ந்தோம். ஆனால் பாட்டு 'கெடுக சிந்தை', அதாவது இவள் நெஞ்சம் கெட்டழியட்டும் என்றுதான் தொடங்குகிறது. பாடிய பெண்ணுக்கே நெஞ்சு பதறியிருக்கிறது. அந்தப் பதற்றத்தை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். நம் குளச்சலிலும் டச்சுப் படையை வென்ற 1741 வெற்றிக்குத் தூண் நிற்கிறது. அதைக் காட்டிப் பிள்ளைகளுக்கு வெற்றியை மட்டுமே சொல்கிறோம்.

அப்புறம், லீவு. என் சித்தி மகன் பட்டாளத்தில் இருந்து முதல் லீவில் வந்தபோது திண்ணை நிறைய ஆள். தட்டில் ஏத்தங்காய் உப்பேரி. பக்கத்து வீட்டு மாமா ஆசையாகக் கேட்டார்: "எத்தன பேரச் சுட்ட மக்கா?" அவன் கையில் எடுத்த உப்பேரியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து கிணற்றடிக்குப் போனான். தேவையே இல்லாமல் வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றான். நான் பார்த்தேன், நடுவர் அவர்களே.

பாலுக்கும் லீவு கிடைக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் பாரிஸை எப்படிப் பிடிப்பது என்று அவனுக்கே பாடம் எடுக்கிறார்கள். இந்த நாவலை வைத்து 1930-ல் வந்த படத்தில், உண்மையைச் சொன்னதற்காக வகுப்புப் பையன்களே அவனைக் கோழை என்கிறார்கள். 2022-ல் வந்த ஜெர்மன் படத்தில் இந்த லீவே கிடையாது. அதை மட்டும் பார்த்தால் எதிரணி சொல்வதுதான் சரி என்று தோன்றும்.

நாவலில் ஒரு தாய் வருகிறாள். அவள் மகன் கெம்மரிக், காலை வெட்டி எடுத்தபின் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தவன். பால் அருகில் இருந்து பார்த்தவன். உடனே உயிர் போய்விட்டது, வலியே இல்லை என்கிறான். அவள் நம்பவில்லை. பொய்யென்றால் நீயும் திரும்பி வராமல் போகச் சம்மதமா என்று கேட்கிறாள். சத்தியம் செய்கிறான். அந்தச் சத்தியத்தைச் செய்தது போர்க்களத்தில் இல்லை, நடுவர் அவர்களே. சொந்த ஊரில், நண்பனின் தாய்க்கு முன்னால்.