பீட்டில்ஸ் ஏறிய சின்ன மேடைகள்

(நகராட்சி நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, தேர்வு வேலைகளுக்கு நடுவிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, இந்த அரங்கை வாடகை வாங்காமல் தந்த நூலகர் அவர்களே, நான் கேட்காமலே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தவில் வித்வான் அண்ணன் அவர்களே, கடைசி வரிசையில் கிடாருடன் உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவின் வரலாற்றில் 1957, 1960, 1963, 1964, 1966 என்று ஐந்து மைல்கற்களைச் சொல்ல வந்திருக்கிறேன். ஐந்துக்கும் அடியில் ஓடுவது ஒரே முதுமொழிதான்: சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்.

1957 ஜூலை 6. லிவர்பூல் நகரின் வூல்டன் பகுதியில் புனித பீட்டர் தேவாலயத் திருவிழா. பதினாறு வயது ஜான் லெனன் தன் பள்ளித் தோழர்களோடு பாடுகிறார். அன்று மாலை, தேவாலயத்தின் கூடத்தில், பதினைந்து வயது பால் மெக்கார்ட்னி அவருக்கு அறிமுகமாகிறார். கூடம் யாருடையது என்று கவனியுங்கள். தேவாலயத்துடையது, ஆனால் ஊரே கூடும் கூடம்!

அடுத்தது 1960. இதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் ஐந்து பையன்கள் வேனில் ஏறி ஜெர்மனியின் ஹாம்பர்க் போகிறார்கள். ஜான், பால், ஜார்ஜ் ஹாரிசன், ஸ்டூவர்ட் சட்க்ளிஃப், பீட் பெஸ்ட். பின்னாளில் இவர்களுக்கு டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார் அப்போது இவர்களோடு இல்லை. இந்திரா என்ற கேளிக்கை விடுதியில் வேலை. ஆமாம் ஐயா, பெயரே இந்திராதான்! படுக்கை எங்கே தெரியுமா? ஒரு சினிமாக் கொட்டகையின் பின்புறம், கழிப்பறைக்குப் பக்கத்து அறையில். வார நாளில் நாலரை மணி நேரம், சனி ஞாயிறில் ஆறு மணி நேரம் வாசிக்க வேண்டும். பாட்டில் உயிர் குறைந்தால் முதலாளி கீழேயிருந்து, "ஆட்டம் காட்டுங்கடா!" என்று கத்துவார். கையிருப்பில் இருந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோகும். புதிதாகக் கற்றுக்கொண்டே தீர வேண்டும். சத்தம் தாங்கவில்லை என்று புகார் வந்து, கைசர்கெல்லர் என்ற வேறு விடுதிக்கு மாற்றினார்கள். நவம்பரில் ஜார்ஜுக்கு வயது பதினேழுதான் என்று கண்டுபிடித்து நாடு கடத்தினார்கள். பின்னாலேயே, தங்கிய இடத்தில் தீ வைத்ததாகக் குற்றம் சாட்டி பாலையும் பீட்டையும் பிடித்து அனுப்பிவிட்டார்கள்.

தோற்றுத் திரும்பிய பிள்ளைகள் என்றுதானே ஊர் சொல்லும்? டிசம்பர் 27 இரவு, லிவர்பூலை ஒட்டிய லிதர்லேண்ட் டவுன் ஹாலில் மேடை ஏறினார்கள். நடனமாட வந்த கூட்டம் ஆட்டத்தை விட்டுவிட்டு மேடையை நோக்கி ஓடியது! விளம்பரத்தில் 'ஹாம்பர்க்கிலிருந்து நேரடியாக' என்று போட்டிருந்ததால், இவர்களை ஜெர்மன்காரர்கள் என்றே நினைத்தவர்களும் உண்டு. ஹாம்பர்க்கிலேயே தங்கிவிட்ட ஸ்டூவர்ட் தவிர, நாலு மாதத்துக்கு முன் போன அதே பையன்கள்தான். சித்திரமும் கைப்பழக்கம்!

1962-இல் டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனம் இவர்களை வேண்டாம் என்றது. வேறொரு நிறுவனத்தின் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் ஏற்றுக்கொண்டார். 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் முதல் இசைத்தட்டுக்குப் பத்துப் பாடல்களைப் பதிவு செய்து முடித்தார்கள். ஹாம்பர்க் இரவுகள் இல்லாமல் அது நடந்திருக்குமா?

1964-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் இவர்களை 7 கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் பார்த்தார்கள். அது ஊரறிந்த கதை. என் மனம் அந்த டவுன் ஹாலிலேயே நிற்கிறது. அதுவும் நகர நிர்வாகத்தின் கூடம்தானே, தலைவர் அம்மா? நம் ஊர் சமூக நலக்கூடம் முகூர்த்த நாள் தவிர மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கிறது. வாரத்தில் இரண்டு மாலை நம் பிள்ளைகளுக்குத் திறந்து விடுங்கள். பறை அடிப்பவன் வரட்டும், நாதஸ்வரம் பழகும் பெண் வரட்டும், கிடார் தம்பிகளும் வரட்டும். வீட்டில் வாசித்தால் பக்கத்து வீட்டுச் சண்டை, தெருவில் வாசித்தால் காவல் நிலையம். கைப்பழக்கத்துக்கு இவர்கள் எங்கே போவார்கள்? மின்கட்டணத்தை எங்கள் வட்டம் கட்டும்; சாவிக்கு நான் பொறுப்பு.

1966 பற்றிப் பேச நேரம் இல்லை என்று செயலாளர் சைகை காட்டுகிறார். வாசலில் மேசை மேல் மனு இருக்கிறது. தலைவர் அம்மா புறப்படுவதற்குள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். நன்றி, வணக்கம்.