குமிழி வரவில்லை என்று கொட்டிவிடாதீர்கள்

[காட்சி: மட்டக்களப்பு, கல்லடியில் ஒரு சமையலறை. மேசையில் பிளாஸ்ரிக் கான், மூடியில் மெல்லிய குழாய். வெளியே வடகீழ்ப் பருவமழை.]

போன நத்தாருக்கு என் பெரியம்மா 3 லீற்றர் இஞ்சி பியரை முற்றத்து மழைத்தண்ணீரோடு சேர்த்து ஊற்றிவிட்டார். இரண்டு நாளாகக் குழாயில் ஒரு குமிழிகூட இல்லை. மதுவம் (ஈஸ்ட்) செத்துவிட்டது என்று முடிவுகட்டிவிட்டார். பிறகு நான் வெறுங்கானை எடுத்துப் பார்த்தேன்.

[அண்மைக் காட்சி: கானின் உட்சுவர்.]

திரவம் நின்ற மட்டத்துக்கு மேலே, ஒரு விரல் அகலத்துக்குப் பழுப்பு நுரை காய்ந்து, இஞ்சித் துருவலோடு ஒட்டியிருந்தது. நன்றாகவே நொதித்திருக்கிறது! மூடியின் ரப்பர் வளையம் சரியாகப் பொருந்தவில்லை. வாயு குழாய்க்குப் போகாமல் ஓரத்தால் கசிந்துவிட்டது.

மதுவம் சீனியைத் தின்று மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் தருகிறது. ஆகவே நாம் பார்க்க வேண்டியது சீனி குறைகிறதா என்பதைத்தான்.

[காட்சி: இலத்திரனியல் தராசு.]

வீட்டுத் தராசே போதும். 3 லீற்றர் தண்ணீருக்கு 350 கிராம் சீனி போட்டிருக்கிறோம். மூடியை இறுக்காமல் கானை நிறுத்து, எடையை ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். மறுநாள் மீண்டும் நிறுங்கள். நொதிக்கும் சீனியின் எடையில் ஏறத்தாழப் பாதி வாயுவாக வெளியேறும். எனவே 40 கிராம் குறைந்திருந்தால் கிட்டத்தட்ட 80 கிராம் சீனி போய்விட்டது என்று பொருள். இந்தக் கணக்கை நான் மிகவும் நம்புகிறேன். மூடி கசிந்தாலும் இது தவறாது.

கனடாவில் பியர் காய்ச்சும் என் மச்சான் ஹைட்ரோமீற்றர் வைத்திருக்கிறார். திரவம் தண்ணீரைவிட எவ்வளவு அடர்த்தி என்று காட்டும் மிதவைக் கருவி அது; சீனி குறையக் குறைய எண்ணும் இறங்கும். தொடக்கத்தில் 1.050 காட்டிய பியர் 1.010 அளவுக்கு இறங்கி, இரண்டு மூன்று நாள் அதே இடத்தில் நின்றால்தான் அவர் போத்தலில் அடைப்பார். இங்கே அனுமதிப்பத்திரம் இல்லாமல் பியர் காய்ச்சக் கூடாது. ஆனால் அந்தக் கருவி இஞ்சி பியருக்கும் உதவும். பல கருவிகள் 20 பாகை செல்சியஸுக்கு அளவிடப்பட்டவை. நம் ஊரின் 30 பாகையில் அவை 0.002 அளவு குறைத்துக் காட்டும்.

வெக்கையும் நம்மை ஏமாற்றும். குளிர் நாட்டில் நாட்கணக்கில் நடப்பது இங்கே ஓர் இரவிலேயே பெரும்பகுதி முடிந்துவிடலாம். விடியற்காலையில் குமிழியைத் தேடுகிறவர் முடிந்த வேலையைத் தேடுகிறார்.

எடை ஒரு கிராமும் குறையவில்லையா? அப்போது மதுவத்தைச் சந்தேகியுங்கள். கொதித்த இஞ்சித் தண்ணீர் ஆறுமுன் போட்டிருந்தால் அது வெந்து செத்திருக்கும். கையில் விட்டால் இளஞ்சூடாக இருக்க வேண்டும். புதிய மதுவத்தை இளஞ்சூட்டுச் சீனித் தண்ணீரில் கரைத்துக் கால் மணி நேரம் வையுங்கள். நுரைத்துப் பொங்கினால் அதைக் கானில் சேருங்கள். கொட்ட வேண்டியதில்லை.

[காட்சி: ஒரு கை பிளாஸ்ரிக் போத்தலை அமுக்குகிறது.]

கண்ணாடிப் போத்தலில் மட்டும் அடைக்காதீர்கள். சீனி மிச்சமிருக்கும்வரை வாயு வரும், கண்ணாடி வெடிக்கும். பிளாஸ்ரிக் போத்தலை நாளுக்கு இரண்டு தடவை விரலால் அமுக்குங்கள். கல்லுப்போல இறுகியதும் குளிர்சாதனப்பெட்டிக்குள் வையுங்கள். எடை 40 கிராம் குறைந்த இஞ்சி பியரில் 2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக மதுசாரம் இருக்கும், பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு மதுவம் போடாத இஞ்சித் தண்ணீரில் ஒரு குவளை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.